வாலில் ஒரு டெக்னாலஜி

உங்கள் வீட்டில் ஈ.சி.இ. படித்தவர் யாராவது இருந்தால் அவர் முன்னால் போய் 'பாய்ல்ஸ்டாட்' என்று ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். அது பாசமா, பயமா என்பது அவரவர் வைத்த அரியர்ஸைப் பொறுத்தது.

ராபர்ட் பாய்ல்ஸ்டாட்டும் லூயிஸ் நஷெல்ஸ்கியும் சேர்ந்து எழுதிய 'எலெக்ட்ரானிக் டிவைசஸ் அண்ட் சர்க்யூட் தியரி' 1972-ல் வந்தது. டயோடு, டிரான்சிஸ்டர், ஆம்ப்ளிஃபையர் என்று தலைகாணி சைஸில் இருக்கும். நம்மூர் இன்ஜினீயரிங் காலேஜ்களில் எத்தனையோ பிள்ளைகள் அதைப் பிடித்துத்தான் கரையேறினார்கள்.

அந்த இரண்டு பேரும் எங்கே வாத்தியாராக இருந்தார்கள் தெரியுமா? எம்.ஐ.டி.யா? ம்ஹூம். ஸ்டான்ஃபோர்டா? அதுவும் இல்லை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருக்கும் குவீன்ஸ்பரோ கம்யூனிட்டி காலேஜில். பெரிய யுனிவர்சிட்டிகளின் பட்டியல் போடும்போது யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத, இரண்டு வருடப் படிப்புக் கல்லூரி.

இதில் கூத்து என்னவென்றால், அந்த மாதிரி கம்யூனிட்டி காலேஜ்களில் இதே பாடங்களை 'எலெக்ட்ரானிக் இன்ஜினீயரிங் டெக்னாலஜி' என்ற பெயரில் படித்துவிட்டு, மேற்கொண்டு நாலு வருட இன்ஜினீயரிங் டிகிரிக்குப் போகிற மாணவனிடம், "இதில் பல பாடங்கள் இங்கே செல்லாது தம்பி" என்று சொல்லிவிடுவார்கள். நம்மூரில் பி.இ.க்குப் பாடமாக இருக்கிற சரக்கு, அங்கே பி.இ.க்குப் படிக்கட்டாக இருக்க மாட்டேன் என்கிறது.

இந்த வாரம் அந்தப் படிப்பைத்தான் விமர்சிக்கப் போகிறேன். சினிமாவை விமர்சிக்கிறோம், நாவலை விமர்சிக்கிறோம். ஒருத்தன் வாழ்க்கையில் இரண்டு வருடத்தை வாங்கிக்கொள்கிற ஒரு படிப்பை விமர்சிக்கக் கூடாதா என்ன? நான் பி.காம். சோல்டரிங் அயர்னைச் சூடில்லாத பக்கமாகப் பிடிக்க வேண்டும் என்கிற அளவுக்குத்தான் எனக்கு எலெக்ட்ரானிக்ஸ். ஆனால் வரவு செலவு பார்க்கத் தெரியும். இந்த விவகாரத்தில் கடைசியில் அதுதான் தேவைப்படுகிறது.

*

முதலில் கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 1901-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் என்ற ஊரில், ஹைஸ்கூலோடு ஒட்டியபடி ஆரம்பித்தது முதல் அரசு ஜூனியர் காலேஜ். இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஊர் திரும்பியபோது, அவர்களைப் படிக்க வைக்க அமெரிக்காவுக்கு இடம் போதவில்லை. ஜனாதிபதி ட்ரூமன் போட்ட கமிஷன் 1947-ல், ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட கல்லூரி வேண்டும் என்றது. 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயர் பரவியது அதற்குப் பிறகுதான்.

இன்றைக்கு அங்கே சுமார் ஆயிரம் இருக்கின்றன. கட் ஆஃப் கிடையாது. பதினெட்டு வயதுப் பையன் பக்கத்தில் நாற்பத்தைந்து வயது லாரி டிரைவர் உட்கார்ந்திருப்பார். சாயங்கால வகுப்பு உண்டு. ஃபீஸும் கம்மி. 2023-24 கல்வியாண்டில் கம்யூனிட்டி காலேஜில் சராசரி ஃபீஸ் வருடத்துக்கு 3,990 டாலர். அதே மாநிலத்தின் நாலு வருட அரசு யுனிவர்சிட்டி என்றால் 11,260 டாலர். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் தம்பியோ நாத்தனாரோ தன் பிள்ளையை முதல் இரண்டு வருடம் இங்கே படிக்கவைத்துவிட்டு அப்புறம் பெரிய யுனிவர்சிட்டிக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறார் என்றால், புத்திசாலித்தனமாகத்தான் யோசிக்கிறார். ஸ்டீவ் வோஸ்னியாக்கூட கூப்பர்டினோவில் இருக்கும் டி ஆன்ஸா காலேஜில் படித்துவிட்டுத்தான் பெர்க்லிக்குப் போனார்.

ஆனால், எந்த வரிசையில் போய் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் ஒரே கட்டடத்தில் இரண்டு வரிசை இருக்கிறது.

*

குறை சொல்வதற்கு முன் நிறையைச் சொல்லிவிடுவது நாகரிகம். நிறை நிஜமாகவே நிறைய இருக்கிறது.

எலெக்ட்ரானிக் டெக்னாலஜி படிப்பின் உயிர் அதன் லேப். முதல் செமஸ்டரிலேயே மல்டிமீட்டரைக் கையில் கொடுத்துவிடுவார்கள். டி.சி. சர்க்யூட், ஏ.சி. சர்க்யூட், டிரான்சிஸ்டர், டிஜிட்டல், மைக்ரோகன்ட்ரோலர் என்று போகப்போக, ஒவ்வொன்றையும் பலகையில் கட்டிப் பார்த்து, ஆசிலோஸ்கோப்பில் அலையைப் பார்த்து, கணக்கில் வந்த விடையோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகவில்லையா? ஏன் என்று எழுது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பழுது கண்டுபிடிக்கச் சொல்லித்தரும் முறை. வாத்தியாரே சர்க்யூட்டில் ஒரு கோளாறை ஒளித்து வைப்பார். ஒரு ரெசிஸ்டரின் காலை வெட்டியிருப்பார், அல்லது செத்துப்போன கெப்பாசிட்டரைச் சொருகியிருப்பார். மாணவன் கண்டுபிடிக்க வேண்டும். எட்டுக் கட்டமாக சிக்னல் ஓடுகிற ஒரு கருவி என்று வையுங்கள். உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. விவரம் தெரியாதவன் முதல் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவான். பயிற்சி பெற்றவன் நேராக நடுவில் கை வைப்பான். நாலாவது கட்டத்துக்குப் பிறகு சிக்னல் இருக்கிறதா? இருந்தால் முதல் பாதி சுத்தம், கோளாறு இரண்டாவது பாதியில். அந்தப் பாதியில் மறுபடி நடுவில். மூன்றே அளவீட்டில் குற்றவாளி சிக்கிவிடுவான்.

இன்னொன்றும் சொல்லித்தருகிறார்கள். மட்டமான மீட்டரை வைத்து அளந்தால், அந்த மீட்டரே கொஞ்சம் மின்சாரத்தைக் குடித்துவிட்டு வோல்டேஜைக் குறைத்துக் காட்டும். அளக்கிற கருவியே அளவைக் கெடுக்கும். அதனால் மீட்டர் சொல்வதையெல்லாம் நம்பாதே. (இதை ஆடிட்டர்களுக்கும் பாடமாக வைக்கலாம்.)

தியரியில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு ஃப்யூஸ் போடத் தெரியாமல் விழிக்கிற பட்டதாரிகளை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களோடு ஒப்பிட்டால் இந்தப் பிள்ளைகளின் கை பேசும். இந்த லேப் அளவில் நான் தாராளமாகவே மார்க் போடுவேன்.

*

அப்புறம் எங்கே இடிக்கிறது? கணக்கில்.

ஒரு சின்ன உதாரணம். 10 ஆயிரம் ஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு பேட்டரி. மூன்றையும் தொடராக இணைத்தால் கெப்பாசிட்டர் மெள்ள சார்ஜ் ஆகும். எவ்வளவு நேரத்தில்? டெக்னாலஜி வகுப்பில் ஒரு வாய்பாடு தருவார்கள். இரண்டையும் பெருக்கு. ஒரு வினாடி வரும். அந்த ஒரு வினாடியில் 63 சதவீதம் நிரம்பும். ஐந்து வினாடியில் 99 சதவீதத்தைத் தாண்டிவிடும், முழுசாக நிரம்பியதாகவே வைத்துக்கொள். முடிந்தது பாடம். வேலைக்கு இது போதும். நன்றாகவே போதும்.

பின் பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "சார், அதென்ன 63? ஏன் 60 இல்லை?" என்று கேட்டால்?

அந்த 'ஏன்'தான் கால்குலஸ். கெப்பாசிட்டர் நிரம்ப நிரம்ப, மிச்சம் இருக்கிற இடைவெளி குறைகிறது. இடைவெளி குறையக் குறைய நிரம்பும் வேகமும் குறைகிறது. இதைச் சமன்பாடாக எழுதித் தீர்த்தால் 63 தானாக வந்து விழும். இன்ஜினீயரிங் வகுப்பில் அங்கேயிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பேட்டரிக்குப் பதிலாக மாறிக்கொண்டே இருக்கிற சிக்னலைக் கொடுத்தால், கூடவே ஒரு காயிலையும் சேர்த்தால், வாய்பாடு கைவிட்டுவிடும். சமன்பாடு கைவிடாது.

இன்ஜினீயரிங் டிகிரிக்கு கால்குலஸ் மூன்று செமஸ்டர் வரைக்கும் வேண்டும், டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் வேண்டும், கால்குலஸ் கலந்த ஃபிசிக்ஸ் வேண்டும். இரண்டு வருட டெக்னாலஜி படிப்புக்கு? அங்கீகாரம் தருகிற ஏபெட் அமைப்பின் விதிப்படி, குறைந்தபட்சம் அல்ஜீப்ராவும் டிரிக்னாமெட்ரியும் இருந்தால் போதும். ஏபெட்டிலேயே இன்ஜினீயரிங்குக்கு ஒரு கமிஷன், இன்ஜினீயரிங் டெக்னாலஜிக்கு வேறு கமிஷன். வெளியே இருந்து பார்த்தால் பெயரில் வாலாக ஒரு 'டெக்னாலஜி', அவ்வளவுதான். உள்ளே போனால் அது வால் இல்லை, சுவர்.

இந்தச் சுவரை யாரும் சதி செய்து கட்டவில்லை. உலகப் போரில் ராடார் மாதிரி சங்கதிகளில் ஃபிசிக்ஸ்காரர்கள் முன்னால் நின்றதைப் பார்த்து, இன்ஜினீயரிங் உலகம் கொஞ்சம் ஆடிப்போனது. 1955-ல் கிரிண்டர் கமிட்டி என்று ஒன்று, இன்ஜினீயரிங் படிப்பில் அடிப்படை விஞ்ஞானத்தையும் கணக்கையும் கூட்ட வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. கூட்டினார்கள். கூட்டினால் எதையாவது கழிக்க வேண்டும் அல்லவா? பட்டறை வகுப்புகள் மெலிந்தன. வரைபடத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நிற்க ஆள் தேவைப்பட்டது. அந்த இடத்தில் வளர்ந்ததுதான் இன்ஜினீயரிங் டெக்னாலஜி. தேவையிலிருந்து பிறந்த படிப்பு. அதன் பிறப்பில் எனக்குப் புகார் இல்லை.

*

என் புகார் வேறு. அதைச் சொல்ல ஒரு பழைய புத்தகத்தைத் துணைக்கு அழைக்கிறேன்.

பர்ட்டன் கிளார்க் என்றொரு சமூகவியல்காரர். கலிஃபோர்னியாவின் சான் ஹோஸே ஜூனியர் காலேஜில் போய் உட்கார்ந்து, அங்கே என்ன நடக்கிறது என்று ஆராய்ந்து 1960-ல் ஒரு புத்தகமும் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். ஊரைக் கவனித்தீர்களா? சான் ஹோஸே. பின்னால் சிலிக்கான் வேலி ஆன இடம். 1960-ல் அந்தப் பெயரே கிடையாது.

கிளார்க் கண்டது இது. காலேஜில் சேர்கிற பெரும்பாலோர் நாலு வருட டிகிரிக்குப் போகும் கனவோடு வருகிறார்கள். போய்ச் சேர்பவர்கள் கொஞ்சம் பேர். மிச்சம் பேரை 'உனக்கு வராது' என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஒரு தேர்வு வைக்கிறார்கள். கவுன்சலர் ஒருவர் கூப்பிட்டுப் பேசுகிறார். மார்க் குறைகிறது, மறுபடி பேசுகிறார். கொஞ்சம் கொஞ்சமாக மாணவனே, 'சரி, இதுவே நமக்குப் போதும்' என்று வேறு படிப்புக்கு நகர்ந்துவிடுகிறான். அதற்கு கிளார்க் தருகிற உதாரணம் என்ன தெரியுமா? இன்ஜினீயராக வர நினைத்தவனை 'இன்ஜினீயரிங் உதவியாளர்' படிப்புக்கு நகர்த்துவது. பெயரில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால் தோல்வி தோல்வியாகத் தெரிவதில்லை.

இந்தச் செயலுக்கு கிளார்க் வைத்த பெயர் 'கூலிங் அவுட்'. சூட்டைத் தணிப்பது. இந்தச் சொல்லை அவர் எடுத்தது எர்விங் காஃப்மன் 1952-ல் எழுதிய கட்டுரையிலிருந்து. காஃப்மனோ அதை எடுத்தது மோசடிக் கும்பல்களின் பாஷையிலிருந்து! ஒருத்தனிடம் பணத்தைச் சுருட்டிவிட்டுக் கும்பல் ஓடிவிடும். ஒரே ஒரு ஆள் மட்டும் பின்தங்குவான். ஏமாந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, 'விடுங்க சார், நடந்தது நடந்துபோச்சு' என்று தேற்றி, போலீஸுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வான்.

கிளார்க் காலேஜை மோசடிக் கும்பல் என்று சொல்லவில்லை. எல்லோரும் கனவு காணலாம் என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் இடம் தர முடியாத சமூகத்துக்கு இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது என்றுதான் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையையும் சொன்னார்: இந்த ஏற்பாடு வெளிச்சத்துக்கு வராமல் இருக்கும்வரைதான் வேலை செய்யும்.

அந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. வெளியே தெரிந்தால் வேலை செய்யாது என்கிற எந்த ஏற்பாட்டிலும், தெரியாமல் இருப்பவன் தலையில்தான் செலவு விழுகிறது. கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு பதிவு இருந்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

*

செலவு என்றேன். எவ்வளவு?

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தணிக்கை செய்து தருகிற ஜி.ஏ.ஓ. அமைப்பு 2017-ல் ஒரு அறிக்கை கொடுத்தது. 2004 முதல் 2009 வரை ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்கள், சம்பாதித்து வைத்திருந்த கிரெடிட்டுகளில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்தார்கள் என்பது அதன் மதிப்பீடு. இது எல்லாப் படிப்புக்கும், எல்லா வகை மாற்றத்துக்கும் சேர்த்து வந்த சராசரி.

60 கிரெடிட் முடித்தவனுக்கு 43 சதவீதம் போனால் என்ன ஆகும்? சுமார் 26 கிரெடிட் அவுட். ஏறக்குறைய ஒரு முழு வருடம். எங்கள் பி.காம். பாஷையில் இதற்கு வாராக்கடன் என்று பெயர். ஃபீஸ் கட்டியாகிவிட்டது, பரீட்சை எழுதியாகிவிட்டது, பாஸும் ஆகிவிட்டது. வசூல் மட்டும் ஆகாது.

டெக்னாலஜி படித்தவனுக்கு இதைவிடவும் மோசமாகலாம். காரணம், அவன் வாங்குவது பெரும்பாலும் 'அசோசியேட் ஆஃப் அப்ளைட் சயன்ஸ்'. மேலே படிக்கப் போகிறவனுக்கான டிகிரி 'அசோசியேட் ஆஃப் சயன்ஸ்'. நடுவில் 'அப்ளைட்' என்று ஒரே ஒரு சொல். முதலாவது நேராக வேலைக்குப் போவதற்காக வடிவமைத்தது, இரண்டாவது யுனிவர்சிட்டிக்கு மாறுவதற்காக. பதினெட்டு வயதில் அட்மிஷன் ஃபாரம் நிரப்புகிறவன், அப்பா அம்மா காலேஜ் வாசலையே மிதிக்காத வீட்டிலிருந்து வருகிறவன், அந்த ஒரு சொல்லின் எடையை எப்படி அறிவான்?

2015-ல் கம்யூனிட்டி காலேஜ்களில் சேர்ந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2024-ல் வந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் நாலு வருடக் கல்லூரிக்கு மாறினார். ஆறு வருடத்துக்குள் பேச்சிலர் டிகிரி வாங்கியவர்கள் 16 சதவீதம். கிளார்க் எழுதி அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும், கனவுக்கும் கையில் கிடைத்ததற்கும் நடுவே உள்ள பள்ளம் அப்படியேதான் இருக்கிறது.

*

"எல்லோரும் இன்ஜினீயர் ஆக வேண்டுமா? நல்ல டெக்னீஷியன் கிடைக்காமல்தானே உலகமே திண்டாடுகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

டெக்னீஷியன் வேலை கௌரவமான வேலை. அதை விரும்பிப் படிக்கிறவனுக்கு இந்தப் படிப்பு அருமையானது. டெக்னாலஜியிலேயே மேலே போக நாலு வருட டிகிரியும் உண்டு. இரண்டு வருடம் முடித்தவர்கள் ஒப்பந்தம் உள்ள கல்லூரிகளில் அதிகச் சேதாரம் இல்லாமல் அதில் சேர்ந்துகொள்ளலாம். (அதற்குப் பிறகும் சில மாநிலங்களில் இன்ஜினீயர் லைசென்ஸ் வாங்கக் கூடுதல் வருட அனுபவம் கேட்பார்கள், சில இடங்களில் கதவே திறக்காது என்பது வேறு விஷயம்.)

2022 ஆகஸ்ட்டில் அமெரிக்கா சிப் தயாரிப்புக்காக 5,200 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கிச் சட்டம் போட்டது. அரிசோனாவின் மரிகோப்பா கம்யூனிட்டி காலேஜ்கள் அதே வருடம் இன்டெலோடு சேர்ந்து, செமிகண்டக்டர் டெக்னீஷியனுக்குப் பத்தே நாளில் ஒரு துரிதப் பயிற்சி ஆரம்பித்தன. வாசலைத் தாண்ட உதவுகிறது என்ற அளவில் நல்லதுதான். ஆனால் 2024-ல் அதே இன்டெல் சுமார் 15 ஆயிரம் வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. கம்பெனிக்கு இன்று என்ன தேவையோ அதை மட்டும் அளந்து கொடுக்கிற படிப்பை நம்பினால், கம்பெனியின் தேவை மாறும் நாளில் கையில் எதுவும் மிஞ்சாது. 63 ஏன் என்று தெரிந்தவனுக்கு வேறு வாசல் திறக்கும். அதனால்தான் அந்தக் கணக்கைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

நம்மூரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவன் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருடத்துக்குப் போகலாம். அவனுடைய டிப்ளமா கணக்கிலேயே டிஃபரென்சியேஷனும் இன்டக்ரேஷனும் இருக்கிறது. போனவர்களில் எம்-3 பேப்பரில் முட்டி மோதியவர்கள் ஏராளம், நம் கல்லூரிகளின் தரத்தைப் பற்றித் தனியாக அழலாம். ஆனால் வழி எங்கே இருக்கிறது என்பது டீக்கடைக்காரருக்கும் தெரியும். எந்த வருடத்தில் போய்ச் சேர்வோம் என்பதும் சேரும்போதே தெரியும்.

அமெரிக்கக் காலேஜ்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான். டெக்னாலஜி படிப்பை மூட வேண்டாம், லேப்பைக் குறைக்க வேண்டாம். கால்குலஸை விரும்புகிறவன் முதல் வருடத்திலேயே எடுக்க வழி வையுங்கள். 'இந்தப் படிப்பிலிருந்து இன்ஜினீயரிங் டிகிரிக்குப் போனால் இத்தனை கிரெடிட் செல்லும், இத்தனை செல்லாது' என்று அட்மிஷன் ஃபாரத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். சிகரெட் பெட்டியில் போடுவதில்லையா?

அதுவரைக்கும் நீங்கள்தான் கேட்டாக வேண்டும். உங்கள் சொந்தக்காரப் பிள்ளை அங்கே சேரப் போகிறது என்றால் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். ஒன்று, டிகிரியின் பெயரில் 'அப்ளைட்' இருக்கிறதா? இரண்டு, கணக்குப் பாடம் கால்குலஸா, வெறும் டெக்னிக்கல் மேத்ஸா? மூன்று, எந்த யுனிவர்சிட்டி, எந்த டிகிரிக்கு, எத்தனை கிரெடிட்டை ஏற்றுக்கொள்ளும் என்று எழுத்தில் தர முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு வாய்வார்த்தையாக, "அதெல்லாம் பிரச்னை இருக்காது" என்று பதில் வந்தால், ஃபீஸ் கட்டுவதை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்தில், போய்ச் சேர நினைக்கிற யுனிவர்சிட்டியின் அட்மிஷன் ஆபீஸுக்கே எழுதி இதே கேள்வியைக் கேட்கலாம். பதில் எழுத்தில் வரும். அது வந்த பிறகு எந்த வரிசையில் நிற்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.